வழிவிட்டான் என்பது பெயர்

எங்கள் கள்ளிவலசையில் ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும், முப்பத்தோரு மாடிக் கட்டடம் ஒன்றின் நிழல் வந்து விழுந்தது. கட்டடம் வரவில்லை, நிழல் மட்டும்தான் வந்தது. கருவேலத்தையும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியையும் தவிர உயரமென்று சொல்ல எதுவுமில்லாத பொட்டல் எங்கள் பூமி, ஆகையால் களத்தில் மிளகாய் காயப்போட்டிருந்த பெண்கள் அதை மழைமேகம் என்றுதான் நினைத்தார்கள். முந்தானையை இடுப்பில் செருகி, சாக்கை உதறி, ஒருத்தி மிளகாயை ஒருத்தி அள்ளி, பாதி அள்ளி முடித்த பிறகு அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கும் இல்லை. குனிந்து பார்த்தார்கள். நிழலுக்கு நூல் பிடித்தது போல ஓரம் இருந்தது. உச்சியில் ஒரு கிரேன் கை நீட்டி நின்றது. ஓரம் நெடுக, வலை பின்னினாற்போல, குழாயும் குழாயும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய சாரம். அந்தச் சாரத்தில் கட்டெறும்பு போல ஆட்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள்.

"ஏத்தா, இது எங்க வீட்டுக்காரரு கட்டுற கட்டடம்ல!" என்றாள் ராக்கம்மாள்.

"எப்படிச் சொல்ற மதினி?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

"இந்தா பாரு, இருபதாவது மாடியில நிக்கிறாரே, தலைத்துண்ட அவுத்து ரெண்டு தரம் உதறிட்டு மறுபடி கட்டுறாரு பாத்தியா? இங்க இருந்தப்பவும் இப்படித்தான் சோத்துச் சட்டிக்கு நேரா நின்னு உதறுவாரு. நாலு வருசமா இந்தத் தூசி இல்லாம சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், உள்ள எறங்குதா?"

அள்ளிய மிளகாயை நிழல் விழாத பக்கமாகக் கொண்டுபோய் மறுபடி விரித்தார்கள்.

சாரம் கட்டுவதுதான் எங்கள் ஊர் ஆண்களின் வேலை. வலசை என்றாலே வேறெங்கோ இருந்து கிளம்பி வந்தவர்கள் தங்கிய இடம் என்றுதான் அர்த்தம். நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பறந்து போகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். முதலில் சவுக்குக் கம்பும் கயிறுமாகக் கோயில் கோபுரங்களுக்குக் கட்டினார்கள், அப்புறம் மதுரையில் தியேட்டருக்கும் மெட்ராஸில் பேங்குக்கும் கட்டினார்கள், அப்புறம் இரும்புக் குழாய்க்கும் கிளாம்புக்கும் மாறி, கடலைத் தாண்டி, அரபு நாட்டில் வானத்துக்கே சாரம் கட்டினார்கள். கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். கட்டடம் நிற்கும், கட்டியவன் நின்ற இடம் காற்றாகிவிடும். அந்தக் காற்றில் நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் அந்த வருடம் அந்த ஒரு கட்டடத்தில் மட்டும் பதினொரு பேர்.

அந்திச் சூரியன் மேற்கே இருந்தால் நிழல் கிழக்கேதான் விழும், அரபு நாட்டுக்கு நாம் கிழக்குத்தானே, பிறகென்ன என்பது ஊரின் கணக்கு. ஆரோக்கியசாமி வாத்தியார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கடலின் அகலம், மலையின் உயரம், பூமியின் வளைவு எல்லாவற்றையும் போட்டு, இப்படி ஒரு நிழல் விழ வாய்ப்பே இல்லை என்று மூன்று பக்கம் எழுதி நிரூபித்தார். நாலாவது பக்கம் எழுதும்போது வெயில் தாங்காமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்த நிழலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, நிழலுக்கெல்லாம் பட்டா கிடையாது, அதே சமயம் அரசாங்கம் தடுக்கவும் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து மணிக்கு மேல் நிழல் நீண்டு, உச்சிப் பத்து மாடி கண்மாய்க் கரையைத் தாண்டிப் பக்கத்து ஊரான பொட்டல்குளத்துக்குள் விழுந்தது. எங்கள் எல்லையில் விழும் மாடி எங்களுக்கு என்று அவர்கள் வந்து நின்றார்கள். பேசி முடித்தோம். அவர்கள் ஆடுகள் அந்த நிழலில் படுக்கலாம், ஆனால் ஆள் நிழல் விழுகிற இடத்தில் ஆடு நிற்கக் கூடாது, நம் ஊர் ஆண்பிள்ளைகள் மீது ஒரு குளம்பு படக் கூடாது.

அப்படியே சில பழக்கங்களும் வந்து சேர்ந்தன. நிழலுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று உயரம் பார்ப்பது. வெயில் கொளுத்தும் நாளில், அவரவர் ஆள் நிற்கும் மாடி எங்கே விழுகிறதோ அங்கே போய் ஒரு செம்புத் தண்ணீரைத் தெளிப்பது, அன்றைக்கு வேலை முடிந்து போனில் பேசும்போது, "இன்னைக்கு நாலு மணிக்கு என்னமோ முதுகு ஜில்லுனு இருந்துச்சு புள்ள" என்று அவர்கள் சொல்வார்கள், இவர்களும் "அப்படியா?" என்று கேட்டுக்கொள்வார்கள். தண்ணீர் ஊற்றியதைச் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று ஒரு எண்ணம்.

நிழலிலேயே பெரிய ஆள் வழிவிட்டான், பஞ்சவர்ணத்தின் புருஷன். எந்த மாடி புதிதாக எழுந்தாலும் முதல் குழாயை நடுவது அவன்தான். முப்பத்தோராம் மாடியில் தொடங்கிப் பங்குனிக்குள் முப்பத்தெட்டுக்குப் போய்விட்டான். கிளாம்பை முடுக்கி, கட்டு சரியாக இருக்கிறது என்று கீழே நிற்பவனுக்குச் சொல்ல, குழாயில் மூன்று தட்டுத் தட்டுவான். சத்தம் எங்களுக்குக் கேட்காது, ஆனால் கை மூன்று முறை போய் வருவது தெரியும். மூன்றாவது தட்டு முடிந்ததும் களத்தில் பஞ்சவர்ணம் "ம்" என்பாள், கீழே நிற்பவள் அவள்தான் என்பது போல.

பங்குனி இரண்டாவது வெள்ளிக்கிழமை பதினொரு பேரின் போனும் ஒரே நேரத்தில் அடங்கிப்போனது. மறுநாள் நிழல் வந்தபோது பத்துப் பேர் இருந்தார்கள். ராக்கம்மாள் புருஷன் சாத்தையா இருந்தார், துண்டை உதறினார், கை கால் சுகமாகத்தான் இருந்தது. முப்பத்தெட்டாம் மாடியில் வழிவிட்டான் நிற்கிற இடத்தில் யாருமில்லை. அந்த மாடிக்கு வெளியே, சாரத்தின் விளிம்பில், இரண்டு கையையும் விரித்தபடி ஒரு உருவம் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் பார்த்தார்கள். பஞ்சவர்ணம் செம்பை எடுத்துக்கொண்டு போய் அந்த உருவத்தின் மீது தண்ணீர் தெளித்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து மிளகாயைக் கிளறிவிட்டாள்.

மூன்றாம் நாள் ராமநாதபுரத்திலிருந்து ஏஜெண்டு பேசினான். "ஒங்க வீட்டுக்காரரு ஓடிட்டாராம் மா. கம்பெனியில எழுதிட்டாக. ஓடிப்போன ஆளுக்கு அவுக பொறுப்பில்லையாம்."

"எங்க ஓடுனாராம்?"

"அது தெரியாது மா."

"அவருக்கு ஓடத் தெரியாதுங்க. பஸ்ஸு கெளம்பிருச்சுன்னா அடுத்த பஸ்ஸுக்கு நிப்பாரே தவிர, எட்டி ஓடிப்போய் ஏற மாட்டாரு. பதினாறு வருசமா பாத்துக்கிட்டிருக்கேன்."

அவன் வைத்துவிட்டான். நிழலில் ஆள் குறைந்து ஏழு நாள் போனது. சாரத்தின் விளிம்பில் அந்த உருவம் ஏழு நாளும் அப்படியே தொங்கியது.

அந்தச் சமயத்தில்தான் வேறொரு நாட்டில், ஏதோ ஒரு துறைமுகத்துப் பக்கம், வெளியூர்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு கட்டடம் தீப்பிடித்து, ஒரு வாரம் எல்லா டிவியிலும் அதையே காட்டினார்கள். எரிந்த கட்டில், எரிந்த செருப்பு, அதன் மேல் சோக இசை. அந்த ஒரு வாரம் வெளிநாட்டில் ஆள் இருக்கிற எல்லா ஊருக்கும் கேமரா போனது; எங்கள் ஊருக்கும் ஒரு வேன் வந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிய பெண்ணுக்கு மிருதுளா என்று பேர், இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல பிள்ளைதான், வந்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தது. நிழலைப் பார்த்தது. கேமராக்காரரிடம், "அண்ணா, லைட் சூப்பரா இருக்கு, இங்கயே வெச்சுக்கலாம்" என்றது. ராக்கம்மாளைக் கூப்பிட்டு நிறுத்தியது.

"அம்மா, நீங்க புலம்பெயர் தொழிலாளர் குடும்பம்தானே?"

"என்னது தாயி? புலம்புற பேரா?"

"இல்லம்மா, புலம்பெயர்."

"நாங்க எங்க தாயி புலம்புனோம்? பொழுதன்னைக்கும் மிளகாக் காய வைக்கவே நேரம் சரியா இருக்கு."

மிருதுளா சிரிக்காமல் சமாளித்தது. "சரிம்மா. உங்க கணவரைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. நாலு வருஷமா பார்க்கல இல்ல? மனசுல என்ன தோணுதோ அதை அப்படியே..."

"நெனைக்க என்னத்தா இருக்கு, இந்தா ஒங் கால்மாட்டுலதான் நிக்கிறாரு. செருப்ப மொதல்ல கழட்டு, தலைய மிதிச்சுக்கிட்டு நிக்கிற."

அந்தப் பிள்ளை துள்ளி விலகியது. களமே சிரித்தது. அந்தச் சிரிப்பு டிவியில் வரவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் கேமராக்காரர் லென்ஸை நீட்டி நிழலின் மேல்மாடியை மேய்ந்துகொண்டிருந்தார், சட்டென்று நின்றார், "மிருது, இதைப் பாரு" என்றார்.

"முப்பத்தெட்டாவது மாடியில யாரும்மா இருந்தது?" என்று கேட்டது அந்தப் பிள்ளை, குரலே மாறிப்போய்.

"வழிவிட்டான்" என்றாள் ராக்கம்மாள்.

"யாருக்கு வழி விட்டாரு? எங்க போனாரு?"

"எங்கயும் போகல தாயி, அவரு பேரே அதுதான். வழிவிடும் முருகனுக்கு நேந்து வச்ச பேரு. எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு வழிவிட்டான் இருப்பான்."

மாலை ஆறு மணிச் செய்தியில் வந்துவிட்டது. 'அந்நிய மண்ணில் அந்தரத்தில் தொங்கும் தமிழர் உடல்.' சிவப்பு எழுத்து, அந்த உருவத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், அதே சோக இசை. பேரைக் கூடச் சொல்லவில்லை, 'ராமநாதபுரம் மாவட்டத் தொழிலாளி' என்று மட்டும் சொன்னார்கள். ஏழு மணிக்குள் எல்லாச் சேனலும் அதே வட்டத்தைப் போட்டன. எட்டு மணிக்குப் பஞ்சவர்ணத்தின் போனில் பரமக்குடியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் அழுகை வந்தது. யாரோ ஒரு கட்சிக்காரர், மாலை எத்தனை மணிக்குக் கொண்டுவரலாம் என்று கேட்டார். ஒன்பதாவது படிக்கிற மகள் ஓடிவந்து அம்மாவின் கழுத்தைத்தான் முதலில் பார்த்தாள், தாலி கிடந்தது, அதைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

"நீ நம்புறியா மா?"

"நான் ஏழு நாளா பாத்துக்கிட்டிருக்கேன்டி. ஒருத்தர் செத்துத் தொங்குனா அந்த ஒடம்பு ஏழு நாளும் ஒரே மாதிரி இருக்குமா? காத்தடிச்சா அது எப்படி ஆடுதுன்னு பாத்தியா? உங்கப்பாவுக்கு எம்புட்டுக் கனம்னு எனக்குத் தெரியாதா?"

சொன்னாளே தவிர அன்று அவள் சாப்பிடவில்லை. ஆட்டத்தைப் பார்த்து ஊரை நம்பவைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். சில சமயம் தன்னையே நம்பவைக்க முடிவதில்லை.

மறுநாள் மத்தியானத்துக்கெல்லாம் பரமக்குடிச் சம்பந்தகாரர்கள் ஷேர் ஆட்டோவில் வந்து, இறங்கும்போதே "ஏ என் ராசாவே" என்று மாரில் அறைந்து தொடங்கினார்கள். ராக்கம்மாள் வாசலிலேயே மறித்தாள். "வாய மூடுங்கத்தா. ஆளு சாகல. சாப்பிட்டு ஒக்காருங்க, இல்ல, வந்த ஆட்டோவுலயே ஏறுங்க." அவர்கள் சாப்பிட்டு உட்கார்ந்தார்கள். டிவி வேனும் வந்தது. சடங்கு எத்தனை மணிக்கு என்று கேட்டு வந்திருந்த மிருதுளாவுக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள்.

நான்கு மணிக்கு முப்பத்தெட்டாம் மாடி சரியாகக் களத்தின் நடுவில் வந்து விழும். பஞ்சவர்ணம் வீட்டுக்குள் போய், பெட்டியைத் திறந்து, தன் கல்யாணத்தன்று அவன் கட்டியிருந்த எட்டு முழப் பட்டுக்கரை வேட்டியை எடுத்து வந்தாள். மிளகாயை ஒதுக்கச் சொன்னாள். செம்மண் தரையில் மங்கலாகத் தெரிந்த நிழலுக்கு அடியில், சினிமாவுக்குத் திரை கட்டுகிறாற்போல, அந்த வெள்ளை வேட்டியைச் சுருக்கம் இல்லாமல் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தாள். பிறகு முழங்காலிட்டுக் குனிந்தாள். ஊர் சுற்றி நின்றது, கேமராவும் நின்றது.

விரித்த கை இரண்டும் தெரிந்தன, ஆனால் நுனியில் விரல் இல்லை, கட்டிய முடிச்சு இருந்தது. கால்சட்டை தெரிந்தது, அதற்குக் கீழே பாதம் இல்லை. இடுப்பு சாக்கு மாதிரி உப்பியிருந்தது. கழுத்தில் ஒரு மாலை. மாலையின் நடுவில் ஒரு எலுமிச்சம்பழம், அதன் இருபுறமும் உருண்டை உருண்டையாக...

பஞ்சவர்ணம் விரல் வைத்து எண்ணினாள். ஏழு.

"ராக்கு மதினி, இங்க வந்து பாருங்க. இது என்னன்னு சொல்லுங்க."

ராக்கம்மாள் குனிந்து பார்த்தாள். "அடி ஆத்தி! நம்ம முண்டு மிளகால்ல!"

உலகம் முழுக்க மிளகாய் நீளம்தான். உருண்டையாக, மணி போல, குலுக்கினால் விதை உள்ளே சலங்கை போலக் கலகலக்கிற மிளகாய் எங்கள் பக்கத்துப் பொட்டலில்தான் விளையும். வழிவிட்டான் கிளம்பும்போது ஒரு படி மிளகாயைப் பையில் போட்டு அனுப்பியவள் பஞ்சவர்ணம். ஏர்போர்ட்டில் ஒருத்தன் அதை எடுத்துப் பார்த்து, இது என்ன பழம் என்று கேட்டானாம், சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

"திருஷ்டி பொம்மை!" என்றார் வாத்தியார், தன் மூன்று பக்கத்தையும் மறந்து.

கட்டடம் எழும்போது கண்ணேறு படாமலிருக்க வைக்கோலை அடைத்து, சட்டை மாட்டி, பொம்மை தொங்கவிடுவது நம் ஊரில் ஒரு அறை வீடு கட்டுகிறவனும் செய்வது. வைக்கோல் கிடைக்காத தேசம், சிமெண்டுச் சாக்கை அடைத்திருக்கிறார்கள். மிளகாய் கிடைக்காத தேசம் இல்லை, ஆனாலும் எங்கள் மிளகாயைத்தான் கோத்திருக்கிறார்கள். அரபு நாட்டு வானத்தில், கண்ணாடிக் கட்டடத்தின் முப்பத்தெட்டாம் மாடியில், கள்ளிவலசைக்காரன் திருஷ்டி பொம்மை தொங்கவிட்டிருக்கிறான் என்று தெரிந்ததும் களத்தில் எழுந்த சிரிப்பு, அழுகைக்குத் தயாராக வந்த சம்பந்தகாரர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. இருபதாம் மாடியில் சாத்தையாவின் நிழல் பொம்மையைக் காட்டிக் கையைக் கையை ஆட்டியது. இத்தனை நாளும் ஆட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நாங்கள்தான் துண்டு உதறுகிறார் என்று நினைத்திருக்கிறோம்.

பஞ்சவர்ணம் மட்டும் சிரிக்கவில்லை.

"பொம்மைக்கு அவரு சட்டைய மாட்டியிருக்காக. அவரு பையில இருந்த மிளகாய எடுத்திருக்காக. அப்ப அந்த எடத்துல அவருக்கு என்னமோ ஆகியிருக்கு, இனி யாருக்கும் ஆகக் கூடாதுன்னு கட்டியிருக்காக. ஆகி, எங்க கொண்டு போனாக?" என்றாள். பிறகு மிருதுளாவைத் திரும்பிப் பார்த்தாள். "தாயி, நேத்து ராக்கு மதினி அவரு பேரச் சொன்னப்ப நீ என்ன கேட்ட?"

"நானா? யாருக்கு வழி விட்டாருன்னு... எங்க போனாருன்னு..."

"தமிழ்ப் பிள்ளை, நீயே அப்படிக் கேட்ட. அங்க கம்பெனியில ஒருத்தன், பாதித் தமிழ் தெரிஞ்சவன், முப்பத்தெட்டுல நின்னவன் எங்கடான்னு கேட்டிருப்பான். நம்மாளு பேரச் சொல்லியிருப்பாக. வழிவிட்டான். அவன் என்ன எழுதியிருப்பான்?"

வாத்தியார் மெல்லச் சொன்னார்: "வழியை விட்டுப் போய்விட்டான். ஓடிவிட்டான்."

"ஆளு ஓடிட்டான்னு எழுதியாச்சுன்னா, அடிபட்டுக் கெடக்கிறவன் யாரு? யாருமில்ல. பேரு இல்லாத ஆளு." பஞ்சவர்ணம் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள். "நீங்க அவரு செத்தாருன்னு சொன்னீங்க, ஊரு ஒலகமே பாத்துச்சு. இப்ப உசிரோட தேடணும்னு சொல்லுங்க."

மிருதுளா வேனுக்குப் பின்னால் போய் ஆபீஸுக்குப் பேசியது. குரல் ஏறுவதும் இறங்குவதும் கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "அக்கா, பொம்மைன்னா நியூஸ் இல்லைங்கிறாங்க. உயிரோட இருக்கலாம்னா அதுவும் நியூஸ் இல்லையாம். நான் சண்டை போட்டேன். ரெண்டு நிமிஷம் லைவ் தர்றாங்க. அதுவும் நீங்க கொஞ்சம்... புலம்பினா."

"புலம்ப மாட்டோம்" என்றாள் ராக்கம்மாள். "நேத்து நீ என்னமோ சொன்னியே, அதுல புலம்பல நீ வச்சுக்க. பேர நாங்க சொல்றோம்."

பதினொரு பேர், இரண்டு நிமிடம். வாத்தியார் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு ஆளுக்குப் பத்து விநாடி என்று வகுத்தார். ஒவ்வொருத்தியும் அவளவள் ஆள் நிற்கும் மாடியின் ஓரத்தில், வெறுங்காலோடு, நிழலை மிதிக்காமல் போய் நின்றாள். கேமரா கீழ்மாடியில் தொடங்கி நடந்தது. ஒன்பதாம் மாடி, குருந்தப்பன் மகன் பூமிராசு, கோயில் கோபுரத்துக்குச் சாரம் கட்டிய கை. பதினாலாம் மாடி, நாகநாதன், கீழே வலை கட்டுகிறவர், அவர் வலையில் விழுந்தவன் எவனும் செத்ததில்லை. இருபதாம் மாடியில் ராக்கம்மாள் சொன்னாள், என் வீட்டுக்காரர் சாத்தையா, எதிர்த்த கட்டடத்துக்கும் அவர்தான் கட்டினார், அதற்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் அவரும் வழிவிட்டானும்தான் கட்டினார்கள். ஒருத்தி குரலும் தழுதழுக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற குரல், தேர் இழுக்கும்போது ஊர் பேர் சொல்லிக் கூப்பிடுகிற குரல், அப்படிச் சொன்னார்கள். மாடி ஏற ஏறக் குரலும் ஏறியது, முப்பதைத் தாண்டும்போது பொட்டல்குளத்துக்காரர்கள் கண்மாய்க் கரையில் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கடைசிப் பத்து விநாடி பஞ்சவர்ணத்துக்கு. வேட்டியின் ஓரத்தில் நிமிர்ந்து நின்று சொன்னாள்: "முப்பத்தெட்டாம் மாடி. சாத்தன் மகன் வழிவிட்டான். வழிவிட்டான்கிறது பேரு, ஓடிப்போனவன்னு அர்த்தம் இல்ல. தொங்குறது பொம்மை. எங்க ஆளு அங்க எங்கயோ கெடக்காரு. பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க."

அவ்வளவுதான். விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

மற்றது எங்களுக்குப் பின்னால் தெரிந்தது. அந்த நகரத்து ஆஸ்பத்திரியில் நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருத்தி, ஜெசிந்தா என்று பேர், டீ குடிக்கிற நேரத்தில் போனில் அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்திருக்கிறாள். கையில் இருந்த டீயை வைத்துவிட்டுப் பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போயிருக்கிறாள். கிரேனிலிருந்து நழுவிய குழாய் தாடையில் அடித்து, இரண்டு மாடி கீழே வலையில் விழுந்து, தாடைக்குக் கம்பி கட்டி, இரண்டு கைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, பேசவும் முடியாமல் எழுதவும் முடியாமல், அடையாள அட்டையும் இல்லாமல், 'பெயர் தெரியாதவர்' என்று எட்டு நாளாகக் கிடந்த ஆளின் காதருகே குனிந்து, "வழிவிட்டான்?" என்று கேட்டிருக்கிறாள். அவன் கண்ணை மூடிக்கொண்டானாம். பிறகு வலது காலைத் தூக்கி, கட்டில் கம்பியில், மூன்று தட்டுத் தட்டினானாம்.

ஜெசிந்தா அதைப் போனில் சொன்னபோது பஞ்சவர்ணம் "ம்" என்றாள். மிளகாய் அம்பாரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள், அழுதாள், காரம் கண்ணில் பட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாள், நாங்களும் ஆமாம் என்றோம்.

அரபு நாட்டுக் கம்பெனியில் பறித்து வைத்திருந்த போன்கள் திரும்ப வந்தன. ஓடிப்போனவன் என்ற எழுத்தை அடித்துவிட்டு வழிவிட்டான் என்று எழுதினார்கள். பேரைத் தப்பாக எழுதிய அந்தக் கம்பெனி மொழிபெயர்ப்பாளன் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் பழம் வாங்கிக்கொண்டு வந்து, தாடை கட்டிய ஆளுக்கு ஆப்பிளா என்று சாத்தையாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு போனானாம். பொம்மையை அவிழ்க்கச் சொன்னார்களாம் கம்பெனியில். கட்டடம் முடியட்டும் என்று நம்மாட்கள் சொல்லிவிட்டார்களாம். நாங்கள் பார்த்த வரைக்கும் அவிழ்க்கவில்லை.

சித்திரை பிறந்த மூன்றாம் நாள், பெரிய நிழலுக்குத் தெற்கே, ஊருணியை ஒட்டி, புதிதாக இன்னொரு நிழல் வந்து விழுந்தது. நான்கே மாடி. குட்டையான, அகலமான நிழல், வரிசை வரிசையாக ஜன்னல். எங்கள் ஆட்கள் எட்டு வருடத்துக்கு முன் சாரம் கட்டி எழுப்பிய ஆஸ்பத்திரி அது என்று சாத்தையா போனில் உறுதி சொன்னார். பெண்கள் ஊருணிப் படியில் துவைத்த துணியைக் கொஞ்சம் தள்ளி உலர்த்தினார்கள். மூன்றாம் மாடி ஜன்னல் ஒன்றில் ஒரு ஆள், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்கும் மிருதுளா வந்திருந்தது, இந்த முறை பஸ்ஸில், தனியாக, கேமரா இல்லாமல் போனை மட்டும் வைத்துக்கொண்டு. பஸ் ஸ்டாப்பிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டது. பஞ்சவர்ணம் செம்புத் தண்ணீரை எடுத்துப் போய் அந்த ஜன்னலில் விரல் நனைத்துத் தெளித்தாள். ஜன்னலில் இருந்த நிழல் தோளைக் குலுக்கிக்கொண்டு, மாவுக்கட்டுப் போட்ட கையை மெல்லத் தூக்கியது.

"அக்கா," என்றது மிருதுளா, பின்னாலேயே களத்துக்கு வந்து, "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, எழுதணும்."

பஞ்சவர்ணம் கடைசிப் பறிப்பு மிளகாயைக் கையால் பரப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அந்தப் பிள்ளையைப் பார்த்தாள், அதன் காலடியைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு தாயி," என்றாள். "மிளகா காயணும். ஒன் நெழலு விழுது."